பால் அறையில் வைத்த எண்ணெய்

ஓக்லஹோமா, அக்டோபர் 11, 2021

கர்த்தருக்குள் பிரியமான மலிண்டா அக்காவுக்கு,

உன் தங்கை லவீனா எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரர் மஹ்லனும் மாடுகளும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? முதுகுவலி தேவலையா? ரே அத்தான் புற்றுநோயில் இறந்ததைக் கேள்விப்பட்டும் நான் ஒரு வரி எழுதவில்லை. வெளியாளைக் கட்டியதற்காக நம் ஆமிஷ் சபை விலக்கி வைத்தவளுக்கு எழுதலாமா கூடாதா என்று யோசித்தே வருஷங்கள் ஓடிவிட்டன. எழுதுவதில் தப்பில்லையாம். உன்னோடு ஒரே மேசையில் சாப்பிடுவதும், உன் கையிலிருந்து ஒன்றை வாங்குவதும்தான் கூடாது.

சோளம் அறுத்தாயிற்று. மழை இல்லை.

எங்கள் மகள் எட்னாவை நீ பார்த்ததில்லை. ஐந்து வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு வந்தது. இப்போது ஒரே நாளில் எத்தனையோ தரம் வருகிறது. டல்சா டாக்டர் கொடுக்காத மாத்திரை இல்லை. எதுவும் கேட்கவில்லை. கஞ்சாச் செடியில் எடுக்கிற எண்ணெய் சில பிள்ளைகளுக்குக் கேட்கிறது என்று அவரே சொன்னார். எங்களை வேனில் கூட்டிப்போகிற டார்லாவிடம் சொன்னேன். "பக்கத்து ஊர்ல பழைய தூண்டில் கடை இருக்குல்ல, அங்க ஒரு பொம்பள அதத்தான் விக்கிறா. பேச்சு அப்படியே உங்க பேச்சு, கொண்டையும் உங்க கொண்டைதான்" என்றாள். அது நீதான் என்று தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஒரு புட்டி வேண்டும் அக்கா. உன் சுகத்துக்காக தினமும் ஜெபிக்கிறேன்.

உன் தங்கை,
லவீனா


அக்டோபர் 19, 2021

தங்கச்சி லவீனாவுக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்துக் கஞ்சா எண்ணெய்க்காக அக்கா ஞாபகம் வந்திருக்கிறது. அதற்காவது வந்ததே என்று சந்தோஷப்படுகிறேன். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கடிதத்தைப் படித்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

ரே கடைசி மாதங்களில் ஒரு வாய் சாப்பிட்டதும், கொஞ்சம் தூங்கியதும் இந்த எண்ணெயால்தான். அதனால்தான் கடை போட்டேன். பெரிய கடை இல்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு தராசு, ஒரு கம்ப்யூட்டர், நான். இதே ரோட்டில் இன்னும் மூன்று கடை வந்துவிட்டது. என்னிடம் வருவது முட்டி தேய்ந்த எண்ணெய்க் கிணற்று ஆட்கள், போருக்குப் போய்வந்து தூக்கம் வராதவர்கள். ஒரு பாப்டிஸ்ட் கிழவி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள். வாராவாரம் "பக்கத்து வீட்டுக்காரிக்கு வாங்க வந்தேன்" என்பாள். இந்த மருந்து வாங்க அரசு கொடுக்கிற கார்டில் இருப்பது அவள் முகம்தான்.

அந்தக் கார்டுதான் விஷயம். எட்னாவுக்கு இரண்டு டாக்டர் கையெழுத்து வேண்டும். அவள் பெயரில் ஒரு கார்டு, வாங்கிக் கொடுக்கிற உன் பெயரில் ஒரு கார்டு. இரண்டுக்கும் முகம் தெரிகிற போட்டோ வேண்டும். உருவம் செய்யக் கூடாது என்கிற கட்டளைக்காக நம் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கா தெரியாது. ஆனாலும் கேட்டுப் பார்.

பிள்ளைக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

மலிண்டா


நவம்பர் 8, 2021

பிரியமான அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு ஜலதோஷம், மற்றபடி குறையில்லை.

பிஷப் ஈனோஸ் வீட்டுக்கு வந்தார். எட்னா தலையில் கை வைத்து அழுதார். "மருந்து குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லலம்மா. கர்த்தர் முளைக்க வச்ச செடிதானே. ஆனா படம் வேண்டாம். ஒருத்தருக்கு விட்டுட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. படம் இல்லாம ஒரு கார்டு குடுங்கன்னு கேட்டுப் பாருங்க" என்றார். மஹ்லன் மாநில அலுவலகத்துக்கு எழுதினார். முடியாது என்று பதில் வந்துவிட்டது.

"ஈனோஸ் சொல்றதத் தாண்ட முடியாது லவீனா" என்று சொல்லிவிட்டு மஹ்லன் கொட்டகைக்குப் போய்விட்டார். அங்கே போய் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். வரும்போது கண் சிவந்திருக்கும். இருந்தாலும் எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது.

கார்டு இல்லாமல் ஒரே ஒரு புட்டி கொடுக்க வழி இருக்கிறதா? கேட்பது தப்பென்றால் மன்னித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

லவீனா


நவம்பர் 15, 2021

லவீனாவுக்கு,

ஜலதோஷத்துக்கு வெங்காயச் சாறு குடி, மறந்துவிடாதே.

வழி இல்லை. நானும் அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். எடுத்த பெண் நல்லவள்தான். "போட்டோ போடாட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாதும்மா, நான் என்ன பண்ணட்டும்" என்றாள்.

கடைக்கு வருகிற ஒவ்வொரு புட்டிக்கும் நம்பர் உண்டு. யாருக்குப் போனது என்று காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் கடை போகும். அது போய்த் தொலையட்டும், எனக்குப் பிள்ளையா குட்டியா. ஆனால் கார்டு இல்லாத பிள்ளைக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்தாள் என்று ஒருவன் எழுதிக்கொடுத்தால் எட்னாவையே உன்னிடமிருந்து எடுத்துப்போய் வேறு வீட்டில் வைப்பார்கள். நடக்காது என்று நினைக்காதே. நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒரு போட்டோ லவீனா. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கு இத்தனை பேர் இத்தனை யோசனை. எனக்கு வாயில் வருவதை எழுதினால் உன் வீட்டுக்காரர் படிக்கிற மாதிரி இருக்காது.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

மலிண்டா


டிசம்பர் 2, 2021

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட மனசு ஓடவில்லை. மன்னித்துக்கொள்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் ஆராதனை. பாட்டு நடக்கும்போது எட்னாவுக்கு வந்தது. நிற்கவே இல்லை. உதடு நீலமாகி, மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பாட்டு நின்றுபோய் எல்லாரும் முழங்கால் போட்டார்கள். நான் மட்டும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன், கர்த்தரை நினைக்கவில்லை. டார்லா வண்டியில் டல்சாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர், "அடுத்த தடவ இப்படி வந்தா நீங்க இங்க வர்ற வரைக்கும் தாங்காது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

16ஆம் தேதி வியாழக்கிழமை மஹ்லனின் தம்பிக்குக் கல்யாணம். எல்லாரும் போய்விடுவோம், பண்ணையில் யாரும் இருக்க மாட்டார்கள். பால் வண்டி காலையிலேயே வந்துபோய்விடும். நீ மத்தியானம் வந்து பால் அறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போ. வைத்த இடத்திலிருந்து நானே எடுத்துக்கொண்டால் உன் கையிலிருந்து வாங்கியதாக ஆகாது. மஹ்லன் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். கேட்கிற வரைக்கும் சொல்லவும் மாட்டேன்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

லவீனா


டிசம்பர் 9, 2021

லவீனாவுக்கு,

சுகம். வருகிறேன்.

காலையிலும் சாயங்காலமும் நாக்குக்கு அடியில் விடு. முதலில் ஒரு சொட்டு. ஒரு வாரம் பார்த்துவிட்டு இன்னொன்று கூட்டு. டாக்டர் கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்தாதே. குளிர்ந்தால் கெட்டியாகும், கைக்குள் வைத்து உருட்டு.

இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு.

மலிண்டா


ஜனவரி 3, 2022

அக்காவுக்கு,

புது வருஷத்தில் கர்த்தர் உனக்குச் சமாதானம் தரட்டும்.

கல்யாணச் சாப்பாட்டில் ஒரு வாய் இறங்கவில்லை. சாயங்காலம் மாடு கறக்கிற சாக்கில் எல்லாருக்கும் முன்னால் ஓடினேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை. தொட்டிக்குப் பின்னால், அலமாரி மேல், சாக்குக்குக் கீழே எல்லாம் தேடினேன். நீ வேறு நாள் வருவாய் என்று கிறிஸ்துமஸ் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பயந்துவிட்டாயா? பயந்திருந்தால் சொல். வர முடியவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. எட்னா அப்படியேதான் இருக்கிறாள்.

லவீனா


ஜனவரி 31, 2022

அக்காவுக்கு,

நீ சுகமா என்பதாவது தெரிந்தால் போதும். பதில் வரவில்லை.

போட்டோ எடுத்துவிட்டேன். உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை, வேறு வழியும் இல்லை. டார்லாதான் டவுனில் போட்டோவும் எடுக்கிற மருந்துக் கடைக்குக் கூட்டிப்போனாள். எட்னா வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேனாம், திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது. மஹ்லன் வேனை விட்டு இறங்கவில்லை. ஆனால் கூட வந்தார். எடுக்காதே என்றும் சொல்லவில்லை.

சபையில் நானாகவே எழுந்து சொல்லிவிட்டேன். தப்பென்று ஒத்துக்கொள்ளச் சொன்னார்கள். தப்பென்று தோன்றவில்லை என்றேன். என்ன முடிவு வரும் என்பது உனக்குத் தெரியும், நீ அந்த வழியில்தான் போனாய். ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டாயிற்று. இன்னொருவரிடம் மார்ச்சில்தான் நேரம் கிடைத்திருக்கிறது. கார்டு வந்ததும் உன் கடைக்குத்தான் வருவேன். அப்போதாவது என்னிடம் பேசுவாயா?

லவீனா


பிப்ரவரி 10, 2022

லவீனாவுக்கு,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன். இங்கே பனிமழையில் கம்பிகள் அறுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. பாப்டிஸ்ட் கிழவிக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

கார்டு வந்தால் என் கடைக்கு வர வேண்டாம். மேற்கே நெடுஞ்சாலையில் பெரிய கடை இருக்கிறது. இதே எண்ணெய்தான். அங்கே போ. எனக்கு இனி எழுதாதே. காரணம் கேட்காதே.

பிள்ளையைப் பார்த்துக்கொள்.

மலிண்டா


ஏப்ரல் 18, 2022

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

கார்டு வந்துவிட்டது. உன் கடைக்குத்தான் வந்தேன். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. கதவில் மாநில அரசின் தாள் ஒட்டியிருந்தது. எட்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அதையே படித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து டயர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "பேப்பர்லயே வந்துச்சே, படிக்கலையா? ஆமிஷ் பண்ணைப் பால் அறைல அவங்க புட்டி கெடந்துச்சாம். பால் வண்டிக்காரன் எடுத்து அதிகாரிங்ககிட்ட குடுத்துட்டான். டிசம்பர்லயே பூட்டிட்டாங்க. நல்ல பொம்பள, எப்படித்தான் புத்தி போச்சோ" என்றார்.

அன்றைக்குப் பால் வண்டி வழியில் பழுதாகி மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது என்று வண்டிக்காரன் மறுநாள் சொன்னானாம், மஹ்லனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ வந்திருக்கிறாய். வைத்திருக்கிறாய். நான் உன்னைக் கோழை என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நினைத்தேன் அக்கா. பால் கறக்கும்போதெல்லாம் அந்த ஜன்னலைப் பார்த்து உன்னைத் திட்டினேன்.

நீ சொன்ன பெரிய கடையில் எண்ணெய் வாங்கிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். நான் அந்த அதிகாரிகளிடம் போய்ச் சொல்லப்போகிறேன், புட்டி என் பிள்ளைக்குத்தான், கேட்டது நான்தான் என்று. உன் கடை திரும்பக் கிடைக்கட்டும். எங்கே போக வேண்டும் என்று மட்டும் எழுது. சாப்பிடுகிறாயா? எங்கே தங்கியிருக்கிறாய்?

லவீனா


ஏப்ரல் 27, 2022

என் லவீனாவுக்கு,

வாயைத் திறக்காதே. நல்லபடியாகச் சொல்கிறேன், யாரிடமும் போகாதே. அன்றைக்கு உன்னிடம் கார்டு இல்லை. இன்றைக்கு இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு இல்லாததைத்தான் பார்ப்பார்கள். பிள்ளை போய்விடும்.

புட்டி யாருக்கு என்று கேட்டார்கள். எனக்குத்தான், முதுகுவலிக்கு, பிறந்த வீட்டுப் பக்கம் போனபோது மறந்து வைத்துவிட்டேன் என்றேன். ஆள் பெயரைச் சொன்னால் கொஞ்ச நாள் பூட்டிவிட்டுத் திறக்க விடுகிறோம் என்றார்கள். எனக்குத்தான் என்றேன். நானே பழியை ஏற்றதால் உன் பண்ணைக்கு ஆள் அனுப்பவில்லை. போன வாரம் விசாரணை முடிந்தது. கணக்கில் காட்டாமல் புட்டியை வெளியே எடுத்ததற்காக இனி இந்த மாநிலத்தில் எனக்குக் கடை கிடையாது. விசாரணை முடிகிற வரைக்கும் உனக்கு ஒரு வரி எழுதினாலும் அதுவே சாட்சியாகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். பிப்ரவரிக் கடிதத்தை அவருக்குத் தெரியாமல்தான் போட்டேன்.

என்னை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நீ கேட்கவில்லை. கேட்பாய். புட்டியில் லேபிள் இருந்தது. கடைப் பெயர், லைசென்ஸ் நம்பர் எல்லாம் இருந்தது. கிழிக்கத்தான் போனேன். நகத்தை வைத்து ஒரு ஓரம் உரித்தும்விட்டேன். அப்புறம் பால் அறை என்று ஞாபகம் வந்தது. பெயரில்லாத மருந்து பால் அறையில் இருந்தால் பாலைச் சோதிக்க வருகிற இன்ஸ்பெக்டர் மொத்தப் பாலையும் கொட்டச் சொல்லிவிடுவார் என்று அப்பா நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். மாட்டுக்குப் போடுகிற ஊசி மருந்தில் லேபிள் கொஞ்சம் கிழிந்திருந்ததற்கு எனக்கு அறை விழுந்திருக்கிறது. உன் பாலைக் கொட்டிவிடக் கூடாதே என்று உரித்த ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டி, லேபிள் வெளியே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். கஞ்சா விற்கிற எவளும் இப்படிச் செய்ய மாட்டாள். பால் பண்ணையில் வளர்ந்த முட்டாள் ஒருத்திதான் செய்வாள்.

கோழிக் கறித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நின்றே வேலை. முதுகு விட்டுப்போகிறது. வாடகை அறை எடுத்திருக்கிறேன். தூக்கம் வராத பழைய ஆட்கள் இன்னும் போன் போட்டுக் கேட்கிறார்கள், எங்கே போவது என்று. எனக்கே தெரியவில்லை லவீனா. ரே போனபோதுகூட இப்படி இல்லை. அப்போது காலையில் எழுந்து திறக்க ஒரு கதவு இருந்தது.

எண்ணெய் பிள்ளைக்குக் கேட்கிறதா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

மலிண்டா


மே 9, 2022

என் அக்காவுக்கு,

முதுகுக்குச் சூடு வைக்கிறாயா? நின்றே வேலை செய்தால் மதியத்தில் கொஞ்ச நேரம் காலை உயர்த்தி வை.

கேட்கிறது. முழுசாக இல்லை. முன்னே வந்ததில் பாதிகூட இப்போது வருவதில்லை. வந்தாலும் சீக்கிரம் விட்டுவிடுகிறது. நேற்று காலையிலிருந்து படுக்கிற வரைக்கும் ஒன்றும் வரவில்லை. நானும் மஹ்லனும் அவளையே பார்த்துக்கொண்டு வேலையே செய்யவில்லை. அவளுக்கு எங்கள்மேல் எரிச்சல்.

லேபிள் விஷயத்தைப் படித்துவிட்டு எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஏன் அக்கா? பால் போனால் போகிறது என்று விட்டிருக்கக் கூடாதா? அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது, உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நான் யாரிடமும் போக மாட்டேன். சத்தியம் செய்யக் கூடாது என்பதால் சொல்ல மட்டும் செய்கிறேன், போக மாட்டேன்.

மார்ச்சில் என்னையும் விலக்கிவிட்டார்கள். நீ கேட்கவில்லை, ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும். மஹ்லன் சபையில் இருக்கிறார், நான் இல்லை. அவர் பெரிய மேசையில் சாப்பிடுகிறார். எனக்கு ஜன்னலோரத்தில் சின்ன மேசை ஒன்றை அவரே செய்துகொடுத்தார். காப்பியை நான் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்ததும் எடுத்துக்கொள்கிறார். எட்னாவுக்கு எண்ணெய் விடும்போது மட்டும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம். அவர் வாயைத் திறந்து பிடிக்கிறார், நான் சொட்டு விடுகிறேன். சில நாள் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பிஷப் ஈனோஸ் திரும்ப வந்தார். "கார்டத் திருப்பிக் குடுத்துட்டு வர்ற ஞாயித்துக்கிழம முழங்கால் போடும்மா. அன்னைக்கே சேத்துக்கறோம். உன்ன வெளிய வச்சிட்டு எனக்கும் தூக்கமில்ல" என்றார். அவர் போனபிறகு மஹ்லன், "போன்னு நான் சொல்ல மாட்டேன். போகாதேன்னும் சொல்ல முடியல" என்றார். எனக்கு அந்தப் பெரிய மேசையில் உட்கார வேண்டும் அக்கா. பொய் சொல்ல மாட்டேன், அவர் பக்கத்தில் உட்கார எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது. ஆனால் நான் போகப்போவதில்லை. மஹ்லனிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவார். வர மத்தியானம் தாண்டிவிடும். கோழியும் நூடுல்ஸும் வைக்கப்போகிறேன். என் சின்ன மேசையில் இரண்டு பேர் உட்காரலாம், இடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எட்னாவும் உட்காருவாள். டார்லா உன்னைக் கூட்டிவரச் சம்மதித்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடு.

உன் தங்கை,
லவீனா